ஒரு வரியைத் திருத்தித் தாருங்கள்: உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ் குடாநாட்டில் உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாடசாலையில் கற்பிக்கிறவர்களுக்கும் ரியூட்டரியில் கற்பிக்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். காலையில் ஒருவரிடமும் பின்னேரம் மற்றவரிடமும் வந்து இருப்பவர்கள் ஒரே பிள்ளைகள்தான்.

நான் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி பாடக்குறிப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயர்தரம் முதலாம் ஆண்டு. நீரின் இயல்புகளையும் உயிரின் மூலக்கூறுகளையும் அன்று ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்களாம். எட்டுப் பக்கம், போட்டோக்கொப்பி எடுத்தது. அடுத்த வகுப்பில் கலம் என்ற பாடம் தொடங்குகிறது. "பாடமாக்கிவிட்டேன் ரீச்சர், கேளுங்கள்" என்று தாளை என் கையில் தந்தாள். கேட்டேன். ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தாள். அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நீர் மூலக்கூற்றில் ஒட்சிசன் அணுவையும் ஐதரசன் அணுக்களையும் இணைப்பது ஐதரசன் பிணைப்பு.

"தண்ணீர் கொதிக்கும்போது என்ன நடக்கிறது பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஐதரசன் பிணைப்புகள் உடைகின்றன."

"அப்படியென்றால் கேத்தலின் மூக்கால் வெளியே வருவது என்ன?"

அவள் தாளைப் பார்க்கவில்லை. யோசித்தாள். பிறகு, "ஐதரசனும் ஒட்சிசனும், ரீச்சர்" என்றாள்.

அந்த விடையைக் கேட்டு எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அவள் சரியாகத்தான் சிந்தித்திருக்கிறாள். பிணைப்பு மூலக்கூற்றின் உள்ளே இருக்கிறது என்றால், அது உடையும்போது மூலக்கூறு சிதறத்தானே வேண்டும்? தந்த வரி பிழை. அதிலிருந்து அவள் எடுத்த முடிவு நேர்மையானது. எனக்குக் கோபம் வந்தது அந்தத் தாளின்மீது. அது யாருடைய தாள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. இதே வரியை வேறு பிள்ளைகளின் கொப்பிகளிலும் நான் கண்டிருக்கிறேன்.

அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கேத்தலை அடுப்பில் வைத்தோம். ஆவி பறந்தபோது ஒரு சட்டி மூடியைத் துணியால் பிடித்து அதன் எதிரே காட்டச் சொன்னேன். மூடி முதலில் மங்கியது, பிறகு வியர்த்தது, பிறகு விளிம்பில் ஒரு துளி திரண்டு தொங்கி அவள் காலடியில் விழுந்தது. "இது என்ன?" என்றேன். "தண்ணீர்" என்றாள். ஐதரசனும் ஒட்சிசனும் வந்திருந்தால், அடுப்பு நெருப்புக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் இப்படி நின்றிருக்க முடியாது என்பதையும் அவளே சொன்னாள். கேத்தலின் உட்புறத்தைக் காட்டினேன். எங்கள் கேத்தல்கள் எல்லாவற்றிலும் இருக்கிற அந்த வெள்ளைப் படை. மழைநீர் மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு நிலத்தடியில் சுண்ணக்கல்லைக் கரைத்து வருகிறது. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு கேத்தலில் படிகிறது, நீர் நீராகவே மேலே போகிறது. இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகவில்லை.

ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தத் தாளில் இல்லாததை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். நீர் மூலக்கூற்றின் உள்ளே இருப்பது பங்கீட்டு வலுப் பிணைப்பு, அதாவது அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்பு. அதில் இலத்திரன்களை ஒட்சிசன் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. இரண்டு ஐதரசன்களும் நேர்கோட்டில் இல்லை, 104.5 பாகைக் கோணத்தில் நிற்கின்றன. ஆகவே மூலக்கூற்றின் ஒரு பக்கத்தில் சிறிது மறை ஏற்றமும் மற்றப் பக்கத்தில் சிறிது நேர் ஏற்றமும் இருக்கிறது. ஒன்றின் ஐதரசன் அயல் மூலக்கூற்றின் ஒட்சிசனை நாடுகிறது. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள அந்த நாட்டம்தான் ஐதரசன் பிணைப்பு. உள்ளே இருக்கும் பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு ஏறத்தாழ 460 கிலோயூல் வேண்டும். இடையே இருப்பதை உடைக்க 20 கிலோயூல் அளவு போதும். இருபதில் ஒரு பங்கைவிடவும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பிணைப்பும் கண்ணிமைப்பதிலும் எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்தில் விட்டுப்போய் இன்னொன்றோடு சேர்ந்துகொள்கிறது. தனியே பார்த்தால் நலிந்தது, கூட்டமாக இருந்தால் பெரும் பலம்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணம் அந்தச் சொல்லே. ஐதரசன் பிணைப்பு என்றால் ஐதரசன் பங்குபற்றும் எந்தப் பிணைப்பும் அதுதான் என்று தமிழில் படிக்கும் பிள்ளைக்குத் தோன்றுகிறது. இன்னொரு காரணம் நாங்கள். இரசாயனவியல் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார் என்று உயிரியல் ஆசிரியர் விட்டுவிடுகிறார், உயிரியலில் வந்துவிடும் என்று இரசாயனவியல் ஆசிரியர் விட்டுவிடுகிறார். நடுவில் பிள்ளை நிற்கிறது. மூன்றாவதாக, பிள்ளைகள் இப்போது கைப்பேசியில் தமிழகத்துக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். அங்கே செல், இங்கே கலம். அங்கே ஹைட்ரஜன், இங்கே ஐதரசன். இரண்டையும் ஒன்று என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் அவை பெரும் உதவி. சொல்லாவிட்டால் பிள்ளை இரண்டு பாடங்களைத் தனித்தனியாகப் பாடமாக்குகிறது.

தமிழில் விளங்கப்படுத்துவது கடினம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அவருக்கு வேண்டிய சொற்களில் பாதி அப்போது இருக்கவில்லை. உருவாக்க வேண்டியிருந்தது. எங்களுக்குச் சொற்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

ஒரு வரிதானே, பரீட்சைக்கு முதல் திருத்திக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் அடுத்ததாக முட்டையைப் பற்றிக் கேட்டேன். முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு இறுகுகிறதே, புரதத்துக்கு என்ன நடந்தது? "அமினோ அமிலங்களாக உடைந்துவிட்டது" என்றாள். பார்த்தீர்களா, அதே பிழை, வேறு சட்டியில். அவித்த முட்டையில், அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்ரைட்டுப் பிணைப்புகள் அப்படியே இருக்கின்றன. சங்கிலி அறவில்லை. சங்கிலியைச் சுருளாகவும் மடிப்பாகவும் பிடித்து வைத்திருந்த நலிந்த பிணைப்புகளே குலைந்தன. குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி வெண்மையாக இறுகுகின்றன. அமினோ அமிலம்வரை உடைய வேண்டுமானால், நீரைச் சேர்த்துப் பிணைப்பை உடைக்கும் நீர்ப்பகுப்பு நடக்க வேண்டும். அதை எங்கள் இரைப்பையிலும் குடலிலும் நொதியங்கள் செய்கின்றன.

டி.என்.ஏ.யிலும் இதே கதை. அதன் இரண்டு இழைகளிலும் எதிரெதிரே நிற்கும் அலகுகளில், அடினினுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டு ஐதரசன் பிணைப்புகள், குவானினுக்கும் சைற்றோசினுக்கும் இடையே மூன்று. கொரோனாக் காலத்தில் பி.சி.ஆர். என்ற சொல்லைக் கேட்காத பிள்ளை இல்லை. அந்தப் பரிசோதனையில் டி.என்.ஏ.யை ஏறத்தாழ 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். இரண்டு இழைகளும் பிரிகின்றன, ஆனால் எந்த இழையும் நடுவில் அறுவதில்லை. ஏன்? இழைகளுக்கு இடையே நலிந்த பிணைப்பு, இழைக்குள்ளே வலிய பிணைப்பு. கேத்தலில் ஆவி நீராகவே வந்ததற்கும் முட்டை இறுகியதற்கும் இழைகள் பிரிவதற்கும் விளக்கம் ஒன்றே. முதலாவது விளங்கிய பிள்ளைக்கு மற்ற இரண்டையும் நீங்கள் கற்பிக்கவே தேவையில்லை, கேட்டால் போதும். முதலாவது பிழைத்த பிள்ளைக்கு மூன்றையும் பாடமாக்க வேண்டும். அதைத்தான் இப்போது செய்கிறார்கள்.

நேரமில்லை என்பீர்கள். பாடத்திட்டம் பெரிது என்பதும், பரீட்சைத் திகதி துரத்துகிறது என்பதும் எனக்குத் தெரியும். நானும் அந்த ஓட்டத்தில் ஓடியவள். ஆனால் இந்த அலகில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பனிக்கட்டி நீரில் மிதப்பதால் குளிர்நாட்டு ஏரிகளில் மீன் பிழைக்கிறது என்ற செய்திக்கு அந்தத் தாளில் முக்கால் பக்கம். உண்மைதான், அருமையான செய்திதான். ஆனால் உறைந்த ஏரியைப் பார்த்த பிள்ளை உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? சர்பத்துக் குவளையில் மிதக்கும் ஐஸ் துண்டைக் காட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். எங்கள் வாசலில் நிற்கிற பனைக்கு ஒரு வரிகூட இல்லை.

பனை முப்பது மீற்றர் வரையும் வளரும். உறிஞ்சி இழுக்கும் பம்பியால் நீரை ஏறத்தாழ பத்து மீற்றருக்கு மேல் உயர்த்த முடியாது. வளிமண்டல அமுக்கம் அதற்கு மேல் தாங்காது. அப்படியானால் உச்சியிலுள்ள வட்டுவரையும் நீர் போவது எப்படி? ஓலையிலிருந்து ஒரு மூலக்கூறு ஆவியாகும்போது தன் பின்னால் நிற்பதை இழுக்கிறது, அது தன் பின்னால் நிற்பதை இழுக்கிறது. வேர் வரையும் அறாத ஒரு நீர்ச்சரம், நீரை மேலே கொண்டுபோகும் இழையமான காழினுள் தொங்குகிறது. சரத்தை அறாமல் பிடிப்பது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஐதரசன் பிணைப்பு. 1894இல் டிக்சனும் யோலியும் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். பிணைப்பு மூலக்கூற்றுக்குள்ளே இருப்பதாகப் படித்த பிள்ளைக்கு இந்தச் சரம் எப்படி விளங்கும்? சீவற்றொழிலாளி இடுப்பில் கள் முட்டியைக் கட்டிக்கொண்டு ஏறும் அதே மரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பாளையிலிருந்து வடிவது காழின் நீர் அல்ல, உணவைக் கொண்டுபோகும் உரியத்தின் சாறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதிலும் குழம்புகிறார்கள்.

அந்தச் சாறும் ஒரு முழுப் பாடம். பாளையில் வடியும்போது அதிலுள்ள வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுகிறது, சாற்றை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களான மதுவங்களும் அவற்றின் நொதியங்களும் அங்கே ஒழுங்காகத் தொழிற்பட முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் சுக்குரோசு நீர்ப்பகுப்படைந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது, பிறகு மதுசாரமாகிறது. நொதியம், காரத்தன்மை, நீர்ப்பகுப்பு, நொதித்தல் எல்லாம் ஒரே முட்டிக்குள். எங்கள் பாட்டன்மார் சொல் தெரியாமல் செய்த வேலைக்குச் சொல் தருவதுதான் எங்கள் வேலை.

பனங்கிழங்கு வரும் காலத்தில் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் ஒரு துளி அயடீன் கரைசல் விடுங்கள். வெள்ளைச் சதை கருநீலமாகும். அது மாப்பொருள். இடையே ஓடும் தும்பு அப்படி நிறம் மாறாது. அது பெரும்பாலும் செலுலோசு. இரண்டுமே குளுக்கோசுகள் கோத்த மாலைதான், கோத்த விதம் மட்டும் வேறு. அந்த வேறுபாட்டால் ஒன்றை ஒடியற் கூழாகக் குடிக்கிறோம், மற்றதைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்துத் துப்புகிறோம். பனையோலையைக் கிழித்துப் போட்டால் மாடு தின்று பால் தருகிறதே, அது எப்படி என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் செலுலோசை உடைக்கும் நொதியம் இருக்கிறது. அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வரும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். நண்டு ஓட்டையும் இந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த ஓட்டிலுள்ள கைற்றினும் இதே குடும்பத்து மாலைதான், வெல்ல அலகில் ஒரு நைதரசன் கூட்டம் சேர்ந்திருக்கிறது.

இலிப்பிட்டு, அதாவது கொழுப்பும் எண்ணெயும், கற்பிக்க மார்கழி விடியற்காலை போதும். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கலங்கி உறையத் தொடங்கியிருக்கும், அதே தட்டில் நிற்கும் நல்லெண்ணெய் தெளிவாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயில் கூடுதலாக உள்ள நிரம்பிய கொழுப்பமிலங்களின் வால்கள் நேரானவை, நெருங்கி அடுக்குப்படும். நல்லெண்ணெயில் கூடுதலாக உள்ள நிரம்பாதவற்றில் வளைவு உண்டு, நெருங்க விடாது.

எண்ணெயும் நீரும் சேராததை மட்டும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்த ஆண்டுகளை எங்கள் பிள்ளைகளின் தாய்மார் மறக்கவில்லை. வாளியை விட்டு அள்ளிய நீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. எண்ணெய் மூலக்கூற்றில் நேர்ப் பக்கம், மறைப் பக்கம் என்ற முனைவு இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு அதை விலக்கிவிடுகின்றன. அதே விலக்குதலால்தான், நீரை நாடும் தலையும் நீரோடு சேராத வால்களும் கொண்ட பொசுபோலிப்பிட்டுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை நீருக்குக் காட்டி, இரட்டைப் படையாகின்றன. ஒவ்வொரு கலத்துக்கும் மென்சவ்வு கிடைப்பது இப்படித்தான். கிணற்றைப் பாழாக்கிய அதே இயல்பு உயிருக்கு எல்லைச் சுவரையும் கட்டித் தந்திருக்கிறது.

படலமாக மிதப்பதைக் கண்ணால் காணலாம். கரைந்திருப்பதைக் காண முடியாது. அதனால்தான் நீர் ஒரு கரைப்பான் என்ற இயல்பு எங்கள் மண்ணில் உயிர்போகிற விடயம். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர். அது கீழே உள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று மறை ஏற்றம் கொண்ட அயன். மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் தங்கள் நேர்ப்பக்கத்தைக் காட்டி அதைச் சூழ்ந்து கிணற்றுக்குக் கொண்டுபோய்விடுகின்றன. நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்றினால் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து கூட. பயிருக்கு அமினோ அமிலம் ஆக்கத் தேவையான நைதரசன், அளவு மீறினால் பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசனை மறிக்கிறது. பால் மாவைக் கரைப்பதற்குக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொதிக்கும்போது எது போகிறது, எது நிற்கிறது என்று விளங்கிய ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்தால், அம்மாவிடம் சொல்லும்.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் குறிப்பை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துவிட்டு, அடுத்த வகுப்பில் வாய்விட்டுச் சொல்லித் திருத்துங்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு பிழையைத் திருத்துவதால் ஆசிரியரின் மதிப்புக் குறைந்ததை நான் கண்டதில்லை. பதிலாக இதை எழுதலாம்: ஒரு நீர் மூலக்கூற்றின் ஐதரசனுக்கும் அயல் நீர் மூலக்கூற்றின் ஒட்சிசனுக்கும் இடையே உள்ள நலிந்த கவர்ச்சியே ஐதரசன் பிணைப்பு, மூலக்கூற்றின் உள்ளே இருப்பது பங்கீட்டு வலுப் பிணைப்பு. இந்த அலகுக்கு ஒரு வகுப்பு அல்ல, குறைந்தது நான்கு வகுப்புத் தாருங்கள். அதில் ஒன்று கேத்தலோடும் கிழங்கோடும் முட்டையோடும் நடக்கட்டும். இரசாயனவியல் ஆசிரியரோடு ஒருநாள் தேநீர் குடித்து, யார் எதைக் கற்பிப்பது என்று பேசி முடிவெடுங்கள்.

ஆய்வுகூடம் இல்லாத ரியூட்டரிக்காரர் யாராவது பிள்ளைகளோடு வர விரும்பினால், எங்கள் வீட்டுக் கிணற்றடியும் குசினியும் திறந்திருக்கின்றன. அயடீன் என்னிடம் இருக்கிறது. கிழங்கை மட்டும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கோப்பாய்.